இ20 காலத்தில் பழைய பெட்ரோல் வண்டி: அப்படியே ஓட்டவா, பாகம் மாற்றவா, நூறு ஆக்டேன் போடவா, விற்றுவிடவா?

பங்கில் ‘சாதா பெட்ரோல்’ என்று சொல்லி நாம் போடுவது இப்போது இ20தான். எண்பது பங்கு பெட்ரோல், இருபது பங்கு எத்தனால். வேண்டுமா வேண்டாமா என்று யாரும் நம்மைக் கேட்கவில்லை. 2022 ஜூனில் நாட்டின் சராசரிக் கலப்பு பத்து சதவீதத்தைத் தொட்டது. 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் இ20 விற்பனையைத் தொடங்கி வைத்தார்கள். 2025-க்குள் அதுவே எங்கும் வழக்கமாகிவிட்டது. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் இ10 வந்தபோது, பழைய வண்டிக்காரர்களுக்காக ‘சூப்பர்’ ரகத்தில் இ5-ஐ விட்டுவைத்தார்கள். இங்கே அப்படித் தனியாக ஒரு பம்பு ஒதுக்கவில்லை. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது.

ஆகவே இ20 நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்தி நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான வண்டியை வைத்திருப்பவருக்கு முன்னால் இருப்பவை நான்கு வழிகள். எதையும் தொடாமல் இ20-யிலேயே ஓட்டலாம். ரப்பர் பாகங்களை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டலாம். விலை போனால் போகட்டும் என்று நூறு ஆக்டேன் பெட்ரோல் போடலாம். இல்லையென்றால் வண்டியையே மாற்றிவிடலாம். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டிக்கு எத்தனை வயது என்பதைவிட, அது எத்தனை நாள் ஓடாமல் நிற்கிறது என்பதுதான் இந்த முடிவை மாற்றும்.

மைலேஜ் கணக்கு

பாதிப் பேரின் புலம்பல் மைலேஜைப் பற்றித்தான். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது, எத்தனாலில் சுமார் 21. இரண்டையும் எண்பதுக்கு இருபது கலந்தால், சுத்தமான பெட்ரோலைவிட ஏறக்குறைய 7 சதவீதம் ஆற்றல் குறைகிறது. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும் இதையொட்டித்தான் பேசுகிறது. கலப்பில்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, இ10-க்கு ட்யூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையும். அதே ரக இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதம். இ10-க்கு வடிவமைத்து இ20-க்கு ட்யூன் செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம்.

இதை ரூபாயில் பார்ப்போம். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும், லிட்டருக்கு ஐம்பது தரும் பைக்கில் 4 சதவீதம் போனால் மாதம் 85 ரூபாய் கூடுதல் செலவு. லிட்டருக்குப் பதினைந்து தரும் கார் அதே தூரம் ஓடி 7 சதவீதம் இழந்தால் மாதம் 500 ரூபாய் சொச்சம். இதுவும் கலப்பே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் வரும் தொகை. நாம் நேற்றுவரை போட்டது இ10 என்பதால், புதிதாகப் போனது இதில் ஏறக்குறைய பாதிதான்.

‘நாற்பத்தைந்து கொடுத்த வண்டி முப்பதுக்கு வந்துவிட்டது’ என்று யாராவது சொன்னால், பழியை எத்தனால் மேல் போடாமல் ஏர் ஃபில்டரையும் டயர் காற்றையும் பாருங்கள். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பிரேக் விடாமல் உரசுகிறதா என்றும் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு மைலேஜைத் தின்னும் அளவுக்கு இருபது சதவீத எத்தனாலில் ஒன்றுமில்லை.

நியாயமான மனத்தாங்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆற்றல் குறைவதை ஈடுகட்ட, கலப்பு எரிபொருளைச் சாதாரண பெட்ரோலைவிடக் குறைந்த விலைக்கு விற்க வேண்டும் என்று அதே நிதி ஆயோக் அறிக்கை பரிந்துரைத்திருந்தது. கலப்பு வந்தது, விலைக் குறைப்பு வரவில்லை. 2024-25-ல் எண்ணெய் நிறுவனங்கள் மக்காச்சோள எத்தனாலை வாங்கிய விலை லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு, கரும்புச்சாற்று எத்தனால் 65 ரூபாய் 61 காசு. வரியும் வண்டிக்கூலியும் இதற்கு மேல். இந்த விலையில் வாங்கிக் கலப்பதால் பெட்ரோல் மலிவாகும் என்று எதிர்பார்க்க வழியில்லை.

எதையும் தொடாமல் ஓட்டினால்

இதற்குப் பதில் வண்டி கார்ப்ரேட்டரா, ஃபியூல் இன்ஜெக்‌ஷனா என்பதைப் பொறுத்தது.

ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும், ஏனென்றால் அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. இ20-க்குச் சுமார் பதின்மூன்றரை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் சைலென்சர் குழாயில் உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்துவிடும். புகையில் ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று தெரிந்ததும், எஞ்சினின் மின்னணு மூளையான ஈசியூ இன்ஜெக்டரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்துவைக்கும். அதனால்தான் 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 பைக்குகளும், இருபது ஆண்டுகளாக வரும் பெரும்பாலான கார்களும் இ20-யில் முரண்டு பிடிக்காமல் ஓடுகின்றன. இவற்றுக்கு நான் சொல்வது முதல் வழிதான்: அப்படியே ஓட்டுங்கள். சர்வீஸுக்கு விடும்போது பெட்ரோல் டியூபையும் இணைப்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள், அது போதும்.

கார்ப்ரேட்டருக்குக் கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. ஜெட்டில் இருக்கும் ஓட்டை எவ்வளவோ அவ்வளவுதான் பெட்ரோல். இ20 போட்டால் கலவை 7, 8 சதவீதம் ‘லீன்’ ஆகிவிடும், அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறைந்துவிடும். காலையில் சோக் இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகும், கிளட்சை விட்டதும் பிக்கப்பில் ஒரு தடுமாற்றம் வரும், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் காப்பிப்பொடி நிறத்துக்குப் பதில் முனை வெளுத்திருக்கும். டியூனிங் ஸ்க்ரூவைத் திருகினால் ஐடிலிங்கில் கொஞ்சம் சரியாகும். ஓட்டத்தில் சரியாக வேண்டுமென்றால் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்க வேண்டும். பழைய நூறு சிசி வண்டிகள் பலவற்றில் கலவை ஏற்கெனவே சற்று கூடுதலாகவே வைக்கப்பட்டிருக்கும் என்பதால், அவை இந்த மாற்றத்தைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளாமல் ஓடும். பிளக்கின் நிறம்தான் சாட்சி. அது சரியாக இருந்தால் ஜெட்டில் கை வைக்காதீர்கள்.

ஆர்எக்ஸ்100 போன்ற டூ-ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் மட்டும் இதில் அலட்சியம் காட்டக்கூடாது. அந்த எஞ்சினுக்குள் போகும் பெட்ரோல்தான் ஆயிலையும் சுமந்து போகிறது. கலவை லீன் ஆனால் சூடு ஏறும். பிஸ்டன் பிடித்தால் போரிங் செலவு, மைலேஜில் போகும் தொகையைவிடப் பெரிது.

பாகம் மாற்றினால்

எத்தனாலுக்கும் பழைய ரப்பருக்கும் ஆகாது. நைட்ரைல் ரப்பர், இயற்கை ரப்பர், கார்க் எல்லாம் அதில் ஊறி உப்பும், பிறகு காய்ந்து வெடிக்கும். ஃபுளூரோ ரப்பர் தாங்கும். மெக்கானிக் கடைத் தட்டில் கிடக்கும் பழைய ஃப்ளோட் பின்னை (கார்ப்ரேட்டரின் பவுல் என்ற சிறு கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை அடைக்கும் ஊசி) ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். பென்சில் முனை மாதிரி கூராக இருக்க வேண்டிய ரப்பர் நுனியில், சுற்றிலும் ஒரு பள்ளம் வளையமாக விழுந்திருக்கும். அந்த வளையம் விழுந்துவிட்டால் பின் சரியாக அடைக்காது, வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போதே ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டும். பவுலின் ஓ-ரிங்கோ உப்பிப்போய், கழற்றினால் திரும்பப் பள்ளத்தில் உட்காராது.

மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் இதை ஒப்புக்கொண்டது. சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம், செலவு அதிகம் ஆகாது என்றது. பைக்கைப் பொறுத்தவரை இது உண்மைதான். கார்ப்ரேட்டர் கிட், பெட்ரோல் டியூப், பெட்ரோல் காக்கின் வாஷர், ஒரு ஃபில்டர். கூலியோடு சேர்த்து ஆயிரம், ஆயிரத்தைந்நூறில் முடியும். டியூப் வாங்கும்போது கடைக்காரர் எடுத்துத் தரும் எதையாவது மாட்டாமல், மேலே ‘எஸ்ஏஇ ஜே30 ஆர்9’ என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள். எத்தனாலையும் இன்ஜெக்‌ஷன் அழுத்தத்தையும் தாங்கும் ரகம் அது. மீட்டர் விலை கூடத்தான், ஆனால் நமக்கு அரை மீட்டர்தானே வேண்டும்.

காரில் கதை வேறு. டேங்குக்குள் மூழ்கியிருக்கும் பம்பு, அதன் வயர், ஃப்ளோட் சென்சார், சீல் எல்லாம் சேர்ந்தே வரும். தனித்தனியாக மாற்றினாலும் ஆயிரக்கணக்கில் ஆகும். அதனால் காருக்கு முன்கூட்டியே எல்லாவற்றையும் மாற்றச் சொல்ல மாட்டேன். இன்ஜெக்‌ஷனுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களை மட்டும் மாற்றுங்கள், ஏனென்றால் அங்கே கசிந்தால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் விழும். பம்பு தொந்தரவு கொடுத்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பத்து வயது தாண்டிய, தினமும் ஓடும் கார்ப்ரேட்டர் பைக்குக்கு நான் சொல்வது இந்த இரண்டாம் வழியைத்தான். எத்தனால் வராமல் இருந்திருந்தாலும் அந்த வயதில் அந்த டியூபை மாற்றித்தான் ஆக வேண்டும்.

நிற்கும் வண்டியும் தண்ணீரும்

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எத்தனால் தண்ணீரை விரும்பி இழுக்கும், காற்றில் இருக்கும் ஈரத்தைக்கூட விடாது. தினமும் ஓடி வாரம் ஒருமுறை டேங்க் நிரப்பும் வண்டியில் இதனால் பாதகமில்லை, உள்ளே வந்த ஈரம் எரிந்து போய்விடும். மாதக்கணக்கில் நின்றால்தான் சிக்கல். பெட்ரோல் ஓரளவு ஆவியாகிவிடும், ஈரம் ஏறிக்கொண்டே வரும், ஒரு கட்டத்தில் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் போய்த் தங்கும். பெட்ரோல் காக் உறிஞ்சுவதும் அந்த அடிமட்டத்திலிருந்துதான். இரும்பு டேங்க் துருப்பிடிப்பதும், கார்ப்ரேட்டரின் அலுமினியம், துத்தநாகக் கலவைப் பாகங்களில் வெள்ளைப் பொடி பூப்பதும் அங்கேதான் தொடங்குகிறது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். வீட்டுக்கு வெளியே, அடுப்போ சிகரெட்டோ பக்கத்தில் இல்லாத இடத்தில், கண்ணாடி அளவுக்குழாயில் நூறு மில்லி பெட்ரோல் ஊற்றிப் பத்து மில்லி தண்ணீர் சேர்த்துக் குலுக்கி வையுங்கள். தெளிந்த பிறகு அடியில் நிற்பது பத்து மில்லி அல்ல, இருபத்தைந்தைத் தாண்டியிருக்கும். பெட்ரோலில் இருந்த எத்தனாலில் பெரும்பகுதி தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிட்டது. ‘பெட்ரோலில் இவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறான் பாருங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்களில் சில வெறும் இந்தச் சோதனைதான். தண்ணீரை ஊற்றியவர் வீடியோ எடுத்தவரே.

மழைக்காலத்தில் மட்டும் அந்த வீடியோக்களுக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பங்கின் நிலத்தடித் தொட்டிக்குள் தண்ணீர் இறங்கினால், பழைய பெட்ரோலில் அது தனியாக அடியில் கிடக்கும், அளவுகோலில் பசை தடவி விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோலில் அது முதலில் கரைந்து, தாங்கும் அளவைத் தாண்டியதும் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு பிரியும். வெள்ளம் தேங்கிய தாழ்வான இடத்துப் பங்கில் மழை விட்ட அன்றே டேங்க் நிரப்பாமல் இருப்பது நல்லது. எத்தனால் கூடக் கூட எரிபொருள் தாங்கும் தண்ணீரின் அளவும் கூடும் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் இ10-ஐவிட இ20 தேவலை.

நூறு ஆக்டேன் யாருக்கு

இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் எக்ஸ்பி100-ஐ டெல்லியில் அறிமுகப்படுத்தியபோது விலை லிட்டருக்கு 160 ரூபாய். நூறு ஆக்டேன் ரகங்களில் எத்தனால் இல்லை என்பதற்காகப் பலரும் இன்று அதைத் தேடிப் போகிறார்கள். பிரீமியம் என்று எழுதியிருந்தாலே எத்தனால் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், போடும் முன் பங்கில் கேட்டுவிடுங்கள்.

எத்தனால் இல்லாததால் ஒரு லிட்டரில் 7 சதவீதம் கூடுதல் தூரம் போகலாம். அப்படியென்றால் அதற்கு நியாயமான விலை 108 ரூபாய். 160 கொடுத்தால், மேலே சொன்ன அந்தக் காருக்கு மாதம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் அளவில் கூடுதலாகப் போகும். இரண்டு மாதக் கூடுதல் தொகையில் ஹோஸ், ஃபில்டர், கேஸ்கெட் எல்லாம் மாற்றிவிடலாம். நூறு ஆக்டேன் போட்டால் இழுவை கூடும் என்பதும் நம் வண்டிகளுக்குப் பொருந்தாது. ஆக்டேன் என்பது நாக்கிங்கை, அதாவது எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் வெடித்து எஞ்சின் தட்டுவதை, தாங்கும் திறன்தான், சக்தி அல்ல. 88 ஆக்டேன் பெட்ரோல் காலத்தில் வடிவமைத்த எஞ்சினுக்கு, 95 வரை வரும் இ20-யே தேவைக்கு அதிகம்.

அப்படியானால் அது யாருக்குப் பயன்படும்? வீட்டில் துணி போர்த்தி வைத்திருக்கும் அப்பாவின் பழைய புல்லட், ஞாயிறு மட்டும் வெளியே வரும் ஆர்எக்ஸ், வருடத்தில் நாலு முறை ஓடும் பத்மினி கார் ஆகியவற்றுக்கு. இவற்றுக்கு மாதம் ஐந்து லிட்டர் போட்டால்கூட முந்நூறு ரூபாய்தான் கூடுதல், டேங்கைத் துரு எடுத்து உள்ளே கோட்டிங் அடிக்கும் செலவை அது மிச்சப்படுத்தும். அமெரிக்காவில் படகும் புல்வெட்டும் எந்திரமும் வைத்திருப்பவர்கள் எத்தனால் இல்லாத பெட்ரோலைத் தேடிப் போவதும் இதே காரணத்துக்காகத்தான். அங்கே 2001 முதல் வந்த கார்களுக்கு இ15 போட அனுமதி உண்டு, மோட்டார் சைக்கிளுக்கும் படகுக்கும் கிடையாது.

உங்கள் ஊரில் நூறு ஆக்டேன் கிடைக்காதா? வண்டியை நிறுத்தி வைக்கும் முன் காக்கை மூடி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். பிறகு கார்ப்ரேட்டர் பவுலின் ட்ரெயின் ஸ்க்ரூவைத் திறந்து மிச்சத்தை வடித்துவிடுங்கள். டேங்க் ஒன்று முழுதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் முழுதாகக் காலியாக இருக்க வேண்டும். பாதி டேங்கோடு ஆறு மாதம் வெளிநாடு போய்விட்டு வந்து, மேலே காற்று நின்ற இடமெல்லாம் துரு என்று எத்தனாலைத் திட்டுவதில் பயனில்லை.

வண்டியையே மாற்றினால்

இ20-க்காக மட்டும் ஓடும் வண்டியை விற்பது கட்டுபடியாகாது. பைக்கில் வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் மைலேஜ் இழப்பு. அதைத் தவிர்க்க லட்ச ரூபாய்க்குப் புது வண்டி எடுத்தால் முதல் போட்டதைத் திரும்பப் பார்க்க நமக்கு ஆயுள் போதாது. காப்பீடு செல்லாது என்ற பயத்தில் விற்கவும் தேவையில்லை. இ20 போடுவதால் காப்பீடு பாதிக்காது என்று அமைச்சகம் தெளிவாகவே சொல்லிவிட்டது.

மாற்றுவதற்கு வேறு காரணம் இருந்தால் மாற்றலாம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் பைக்குக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் பெட்ரோல் ஆகிறது. மின்சார ஸ்கூட்டர் அதே தூரத்துக்கு நாற்பது யூனிட் அளவில் குடிக்கும், யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் நானூறு. வீட்டில் சார்ஜ் போட இடம் இருப்பவர் இதை யோசிக்கலாம். எத்தனால் வராமல் இருந்திருந்தாலும் இந்தக் கணக்கு இப்படியேதான் இருந்திருக்கும்.

ஃபிளெக்ஸ் ஃபியூல் வண்டி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்குப் பிரேசில்காரர்களின் கணக்கு உதவும். அங்கே எந்த விகிதத்தையும் குடிக்கும் கார்கள் 2003-லிருந்து ஓடுகின்றன. பங்கில் எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், மேலே போனால் பெட்ரோல் என்று மனக்கணக்காகப் போட்டுவிட்டுப் போவார்கள். நம் ஊரில் 2024 மார்ச்சில் ‘எத்தனால் 100’ என்ற எரிபொருளைத் தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் 183 பங்குகளில் கொண்டுவந்தார்கள். ஓசூர் டிவிஎஸ் 2019-லேயே எத்தனாலில் ஓடும் அப்பாச்சி விட்டது, ஹோண்டா 2024-ல் சிபி300எஃப் ஃபிளெக்ஸ் ஃபியூல் கொண்டுவந்தது. இ20 விலை 101 என்றால், தூய எத்தனால் லிட்டர் 71 ரூபாய்க்குக் கீழே கிடைத்தால்தான் நமக்கு லாபம். எண்ணெய் நிறுவனம் மக்காச்சோள எத்தனாலை வாங்குவதே 71 ரூபாய் 86 காசுக்கு என்பதை மேலே பார்த்தோம். வரிச்சலுகை வராதவரை ஃபிளெக்ஸ் ஃபியூலில் பணம் மிச்சமாகும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பழைய வண்டிக்கு வயதாகிவிட்டது, செகண்ட் ஹேண்டில் வேறொன்று பார்க்கிறேன் என்பவர்கள் தயாரிப்பு மாதத்தைக் கவனியுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து வந்தவற்றில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் இ20-யைத் தாங்கும். எஞ்சினையே இ20-க்கு ட்யூன் செய்தது 2025 ஏப்ரலிலிருந்துதான். 2023 மார்ச் வண்டிக்கும் மே வண்டிக்கும் விற்பவர் ஒரே விலை சொன்னால், ஆர்சி புத்தகத்தில் பதிவான தேதியை விட்டுவிட்டுத் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள், டேங்க் மூடிக்குப் பக்கத்தில் இ20 ஸ்டிக்கர் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.